உட்கார்ந்தால் உத்தியோகம்

“பையன் நின்னுக்கினு செய்யறானா, உக்காந்துக்கினு செய்யறானா? அத்த மட்டும் சொல்லுங்க.”

பெண் பார்க்க வந்தவர்கள் கடித்த பஜ்ஜியை மெல்ல மறந்தார்கள். கேட்டவர் கிரேஸின் தாய்மாமன் அப்பாவு. பையன் தாவீது, கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் லேத்து ஓட்டுகிறவன். அதே கம்பெனி கேட்டில் மாமா வாட்ச்மேன். தெரிந்தேதான் கேட்டார்.

வாசகரே, உத்தியோகஸ்தர் என்ற உயிரினம் இதுதான். பொன்னேரியில் ரயில் ஏறி, எதிர் சீட்டுக்காரரின் பெயரைக் கேட்காமல் உத்தியோகத்தைக் கேட்டு, அவர் “வேலை செய்யறேன்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவருடைய நகக்கண்ணில் எண்ணெய் தேடி, கிடைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதன் சாஸ்திரம் எளிது. குனிந்தால் கூலி, நின்றால் வேலை, உட்கார்ந்தால் உத்தியோகம். அப்படியானால் பஸ்? டிரைவர் ஓட்டுவது உத்தியோகம், பின்னால் தொங்கிக்கொண்டு வருகிற கண்டக்டர் செய்வது வேலை. ஆபரேஷன் செய்கிற டாக்டர்?

“அவரு அப்பால உக்காருவாரு இல்ல?” என்பார் மாமா.

மாமாவுக்குக் கம்பெனி கொடுத்தது மூன்று கால் உள்ள ஸ்டூல். நாலாவது காலுக்குச் செங்கல். அதுவும் உத்தியோகம்தான்.

“நின்னுக்கினுதான் மாமா,” என்றான் தாவீது.

“பாத்தியா! எங்க ஊட்டுப் பொண்ண உத்தியோகத்துலதான் குடுப்போம்.”

தாவீதின் அம்மா முந்தானையை உதறி எழுந்தாள். கிரேஸின் அம்மா ஞானம்மா அண்ணன் பேச்சைத் தாண்டாதவள். தினமும் ரயிலில் தாவீதுக்கு இடம் போட்டு வைக்கிறவள் கிரேஸ். அது வீட்டுக்குத் தெரியாது. அவள் காபித் தட்டை வைத்தாள்.

“மாமா, பல்பு கம்பெனில நான் இன்னா செய்யறேன்?”

“பாக்கிங்.”

“எப்பிடி?”

“உக்காந்துக்கினு.”

“அப்ப எனுக்கு உத்தியோகம். ஊட்டுக்கு ஒண்ணு போதாதா? அவரு நிக்கட்டும்.”

ஞானம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தாவீதின் அம்மா மறுபடி உட்கார்ந்து அடுத்த பஜ்ஜியை எடுத்தாள். மாமாவுக்குச் சாஸ்திரத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. சம்மதித்தார்.

சிரிக்காதீர்கள். இதை உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்?

மறுநாள் திங்கட்கிழமை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். மானேஜர் கார் வந்தது. எழுந்து கேட்டைத் திறந்தார். சல்யூட் வைத்தார். பின்னாலேயே லாரிகள் வந்தன. சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தன. ஷிப்டு முடிந்து தாவீது வெளியே வந்தான்.

“உத்தியோகம் முடிஞ்சுதா மாப்ளே?” என்று கேட்டார் மாமா, நின்றுகொண்டே.