பிள்ளைப்பாக்கத்தில் குற்றாலம்

பெருந்தொற்று ஓய்ந்து சில வருஷம் ஆனபிறகு, ஜனங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற விஷயம் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. இதை இப்படியே விடலாமா? உடனே 'நல்வாழ்வு உறைவிட மேம்பாட்டுப் பிரிவு' என்று ஒரு அலுவலகம் திறந்தார்கள். முதல் வேலையாக அலுவலகத்துக்கு ஏ.சி. மாட்டி, குளிர் வெளியே போய்விடாதபடி ஜன்னல்களை எல்லாம் அடைத்தார்கள். அதன் பிறகு ஊராருக்கு நல்ல காற்று வழங்கும் பணி இனிதே தொடங்கியது.

பிள்ளைப்பாக்கம் நாகப்பனின் பெண்கள் விடுதியில் தங்கியிருந்த மாரிசெல்விக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பு. ஆலங்குளத்துப் பெண். ஒரகடத்தில் கார்க் கதவுக்குத் திருகாணி முடுக்குகிற லைனில் நின்றாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால், நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவை ஆட்டுகிற மாதிரி கீச்கீச்சென்று கேட்கும். "இன்னொரு வாட்டி இழுப்புன்னு லீவு போட்டா, கான்ட்ராக்ட்ல உன் பேரு இருக்காது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். டாக்டரோ, "ஜன்னலைத் திறந்து வச்சுப் படும்மா, பாதி சரியாயிடும்" என்றார்.

ஜன்னல் இருந்தது, அதுதான் கொடுமை. கொரோனா சமயத்தில் கிருமி உள்ளே வந்துவிடும் என்று நாகப்பன் மூன்று திருகாணி போட்டு அதை இறுக்கிவிட்டார். கிருமி வாசல் வழியாக வராது என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

"அண்ணே, கொரோனாதான் போயிட்டுல்லா? ஜன்னலத் தொறந்து விடுங்களேன்" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"பூட்ச்சுன்னு யாரும்மா சொன்னது? மூடுன்னு சொல்ல ஆபீசர் ஜீப்புல வந்தாரு. தொறன்னு சொல்ல ஒர்த்தரும் வர்ல. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். ஆபீஸ்ல ஒரு மனு குட்த்துட்டு வா."

பாவிப்பெண், போய்க் கொடுத்தும்விட்டாள்.

ஆய்வு அலுவலர் சண்முகசுந்தரம் நேரில் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார். கூடவே பிரசன்னா என்று ஒரு ஆலோசகர். சென்னையில் பெரிய வீடுகளுக்கெல்லாம் 'வெல்னஸ் இன்டீரியர்' செய்கிறவராம். அவர் உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடி அறையை உணர்ந்தார். அறையும் சும்மா இருக்குமா? நாலு ஜோடி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டார்.

"இந்த அறையில் எத்தனை பேர்?" என்றார் சண்முகசுந்தரம்.

"எட்டுப் பேரு சார்" என்றாள் மாரிசெல்வி.

"கட்டில் நான்குதானே இருக்கிறது?"

"பகல் ஷிப்ட்டு நாலு பேரு எந்திச்சுப் போனதும் நைட் ஷிப்ட்டு நாலு பேரு வந்து படுப்போம் சார். மெத்தை சூடு ஆறுறதுக்குள்ள ஆள் மாறிருவோம்."

நாகப்பனுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் பிரசன்னா துள்ளிக் குதித்தார். "பிரில்லியன்ட் சார்! ஊரே ஆறடி இடைவெளியை இடத்துல விட்டுச்சு. இவங்க டைம்ல விட்டிருக்காங்க! ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல பன்னண்டு மணி நேரம்!"

சண்முகசுந்தரம் யோசித்தார். "ஆக, சமூக இடைவெளியானது காலவாரியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் இருப்பார்களே?"

"ஓ.டி. கீது சார்" என்றார் நாகப்பன், உயிர் வந்தவராக. "லீவே கெடயாது."

"மிகவும் ஆரோக்கியமான ஏற்பாடு."

"சார், அந்த ஜன்னல்..." என்று இழுத்தாள் மாரிசெல்வி.

சண்முகசுந்தரம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு கன்டெய்னர் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. "வெளிக்காற்று தரமாக இல்லை. தரமில்லாத காற்றைப் பயனாளிக்கு வழங்க விதியில் இடமில்லை."

"அப்போ நான் இப்ப உள்ள இழுக்கது சார்?"

"அது ஏற்கெனவே நடைமுறையில் உள்ள காற்று. அதற்கு அனுமதி தேவையில்லை."

பிரசன்னா கனிவோடு அவள் பக்கம் திரும்பினார். "மேடம், மனுஷனுக்குத் தேவை காத்து இல்ல. காத்து இருக்குங்கிற ஃபீல்."

அடுத்த வாரமே ஃபீல் வந்து இறங்கியது. ஜன்னலை முழுசாக மறைத்து, உள்ளே விளக்கு எரிகிற ஒரு குற்றாலப் படம் பொருத்தப்பட்டது. சுவிட்சைப் போட்டால் அருவி கொட்டும் ஓசை கேட்கும், குருவி கத்தும். ஓரத்தில் இருந்த குட்டி விசிறி, அறைக் காற்றையே வாங்கி மல்லிகை சென்ட் தெளித்துத் திருப்பிக் கொடுத்தது. மல்லிகை பட்டதும் மாரிசெல்விக்கு முன்னைவிட அதிகமாக இழுத்தது. மற்ற பெண்களுக்கோ கொண்டாட்டம். பக்கத்துக் கட்டில் ஜாஸ்மின், நாசரேத்துக்காரி, அன்றைக்கே அருவி முன்னால் நின்று ரீல்ஸ் போட்டுவிட்டாள்.

திறப்பு விழா அன்று, பயனாளி ஒருவர் கேமரா முன்னால் பேச வேண்டும் என்றார்கள். மனு கொடுத்தவளே பேசினால் பொருத்தமாக இருக்கும் என்றார் சண்முகசுந்தரம். மாரிசெல்வி மாட்டேன் என்றாள். நாகப்பன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு வார்த்த நல்லதா சொல்லும்மா. விழா முடியட்டும், நாளைக்கே ஸ்குரூவக் கழட்டி ஜன்னலத் தொறந்து வுட்றேன். எம்மேல சத்தியம்!"

இழுப்பு நிற்காவிட்டால் வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. குற்றாலத்தின் முன்னால் நின்று, சிரித்துக்கொண்டே, "இப்போ நல்லா மூச்சு விட முடியுது" என்றாள். சொல்லி முடித்ததும் இருமலை அடக்க வாயைப் பொத்தினாள். பயனாளி ஆனந்தத்தில் விம்மியதாக அலுவலகக் குறிப்பில் பதிவாயிற்று.

மறுநாள் போய்க் கேட்டால், நாகப்பன் கையை விரித்தார். "நீயே நல்லா மூச்சு வருதுன்னு சொல்ட்டியே. அத்த வெச்சு உன் மனுவ முட்ச்சிட்டாங்க. இப்ப நான் தொறந்தா, ஆபீசர் பொய் சொன்னா மாரி ஆவாதா?"

நல்வாழ்வு அதோடு நிற்கவில்லை. இவ்வளவு காற்றோட்டமான அறையில் கட்டிலுக்கு மூன்று பேர் வரை இருக்கலாம் என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி எட்டாகக் குறைந்தது, அவ்வளவுதான். யாரை மூன்றாவது ஆளாகப் போடுவது என்று நாகப்பன் தேடிக்கொண்டிருந்தபோது, மாரிசெல்விக்கு அவள் அம்மா அன்னக்கிளியிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, உன் வீடியோவ ஊரே பாத்துட்டு! குத்தாலத்துலயே குடியிருக்கியேன்னு எல்லாரும் கேக்காவ. தங்கச்சியும் ஐ.டி.ஐ. முடிச்சிட்டால்லா, உன்கிட்டயே அனுப்புதேன். அவளும் அந்தக் காத்துல படுக்கட்டும்."

"அம்மா, அது வந்து..." என்று தொடங்கிய மாரிசெல்விக்கு இருமல் வந்தது. அருவிச் சாரலில் சளி பிடித்திருக்கும் என்று அன்னக்கிளி சந்தோஷமாக நினைத்துக்கொண்டாள்.

தங்கை கவியா பெட்டியோடு வந்து இறங்கினாள். அக்காவின் கட்டிலிலேயே மூன்றாம் பங்கு. முதல் நாளே அக்கா இழுக்கிற இழுப்பைப் பார்த்து மிரண்டுவிட்டாள். குற்றாலத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, மூணு ஸ்குரூதான? நீங்க எல்லாரும் கம்பெனில நாள் பூரா ஸ்குரூதான மாட்டுதிய?"

வருஷக்கணக்காக அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"உத்தரவு வேணும்ட்டி" என்றாள் மாரிசெல்வி, மெதுவாக. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

கவியா பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். குற்றாலம் இறங்கியது, ஜன்னல் திறந்தது. புழுதி வந்தது, டீசல் வாடை வந்தது, அதற்கும் பின்னால் ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் காற்றும் வந்தது. மாரிசெல்வி அழுதேவிட்டாள். அன்றைக்குப் பகல் முழுக்க அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

சாயங்காலம் மூச்சு முட்டி விழித்தாள். மல்லிகை வாசம். குற்றாலம் பழைய இடத்திலேயே இருந்தது. ஜாஸ்மின் படத்தைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஸ்டூல்மேல் நின்று திருகிக்கொண்டிருந்தது கவியா. படத்தையும் ஜன்னலையும் சேர்த்து, மூன்று இருந்த இடத்தில் இப்போது ஆறு திருகாணி.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"வீடியோ கால் நேரம்க்கா. லாரியையும் புழுதியையும் அம்மா பாத்தான்னா நாளைக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிருவா. எனக்கு இந்த வேல வேணும்க்கா."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் ஜாஸ்மின். "நல்லா மூச்சு விட முடியுதுன்னு நீங்கதானக்கா சொன்னிய?"

கடைசித் திருகாணியையும் கவியா நன்றாக முடுக்கினாள். நல்ல கைவேலை, லைனில் உடனே எடுத்துக்கொள்வார்கள். போன் அடித்தது.

"உங்கக்காவ எங்கட்டி?" என்றாள் அன்னக்கிளி.

"தூங்குதாம்மா, நல்லாக் குளுகுளுன்னு" என்று கவியா போனை அருவிப் பக்கம் திருப்பினாள்.

மாரிசெல்விக்கு இழுக்க ஆரம்பித்தது. ஜாஸ்மின் கை நீட்டி அருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அதன் பிறகு அந்த இழுப்பு யார் காதிலும் விழவில்லை.