லேசர்காரர் காது கொடுத்த கதை

மனைவியைப் பேச்சில் ஜெயித்துவிடலாம் என்று எந்த மனிதனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுக்கக் கூடாது. அன்றைக்கு அவளுக்கும் லீவு.

லேசர்காரர் அந்தத் தப்பைத்தான் செய்தார்.

அவர் மருத்துவ லேசர் மிஷின் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. வேண்டாத முடியை எடுப்பது, தழும்பை மங்க வைப்பது, பச்சை குத்தியதை அழிப்பது, எல்லாவற்றுக்கும் அவரிடம் மிஷின் உண்டு. "லேசர்னாலே லேசு" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதனால் குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு தோல் டாக்டர். இப்போது தெருவுக்கு ஒரு தோல் க்ளினிக். தொழில் வளர்ந்தது. கூடவே போட்டியும் வளர்ந்தது. எந்த க்ளினிக்கில் நுழைந்தாலும் காத்திருக்கிற நாற்காலிகளில் நோயாளிகளைவிட மிஷின் விற்க வந்தவர்கள் அதிகம். எல்லார் மடியிலும் ஒரே மாதிரி பை, எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி சிரிப்பு. எல்லாம் வளர்ந்த அந்தக் காலத்தில் லேசர்காரரிடம் வளராதது விற்பனை. வளர்ந்தது காது முடி. அதை வெட்டச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த மாதமும் ஒரு மிஷின் விற்கவில்லை என்றால் அவரைக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, பெரிய க்ளினிக் டாக்டரம்மா. அந்த அம்மாவுக்குக் குழைவாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"படமெல்லாம் காட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா. "உயிரோட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. உங்க மிஷினை வெச்சு நானே செஞ்சு பார்க்கறேன். அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணிக்கறேன்."

லேசர்காரர் ஆள் தேடினார். ஆபீஸில் கேட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்தது. மாடி வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடுவதற்குள் காய்ச்சலில் படுத்தார். கடைசியில் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் இருப்பது நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி துணி துவைக்கும் மிஷின் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கோபக்காரர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் அவர்கள் வாயாலேயே "தப்பு என்னுதுதான்" என்று சொல்ல வைக்கிற வேலை. இதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"உனக்கு ஒரு பரிசு தரப்போறேன்" என்று ஆரம்பித்தார்.

"எதை உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடைக்கலை. லேசர் ட்ரீட்மெண்ட். சும்மாவே பண்ணித் தர்றாங்க."

"எங்கே?"

க்ளினிக் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைச் சொன்னார்.

"மேலுதட்டுல."

அவள் படித்துக்கொண்டிருந்த பேப்பரை நாலாக மடித்து மேஜையில் வைத்தாள். மடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மேலுதட்டுல என்ன?"

"ஒண்ணுமில்லை. லேசா. ரொம்ப லேசா. உத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"எத்தனை வருஷமா உத்துப் பார்க்கறீங்க?"

"நான் எங்கே பார்த்தேன்?"

"ஓ, பொண்டாட்டி மூஞ்சியைப் பார்க்கறதே இல்லையா?"

பேச்சின் முன்பக்கக் கதவையும் பின்பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் சாத்திவிட்டாள். அவர் ஜன்னல் வழியாகக் குதித்தார்.

"என் வேலையே போயிடும் போலிருக்கு. நீ வந்தாத்தான் உண்டு."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வலிக்குமா?"

"லேசர்னாலே லேசு. ரப்பர் பேண்டைச் சுண்டி விட்ட மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"நீங்க பண்ணிப் பார்த்தீங்களா?"

"மருந்துக் கடைக்காரன் எல்லா மருந்தையும் குடிச்சுப் பார்த்துட்டா விக்கறான்?"

இந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. மேஜையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அவள் அவரையே பார்த்தாள். சரியாகச் சொன்னால், அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"சரி, வர்றேன்" என்றாள்.

ஒரு வாரம் யுத்தம் நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு நம்பவே முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ கேட்டாள். அந்த டாக்டர் எப்படிப்பட்டவர், போன் நம்பர் என்ன, மிஷின் நல்லதுதானா, நல்லது என்றால் ஏன் யாரும் வாங்குவதில்லை. பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்து லேசர்காரர் மனம் திறந்து கொட்டினார். பாகம் ஒன்று கெட்டுப்போனால் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆகிறது. டாக்டர்களிடம் மட்டும் ஒரு வாரம் என்று சொல்கிறோம். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் பற்றாக்குறை. விலை குறைந்த மிஷின்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. அவள் நடுநடுவே "ம்" கொட்டினாள். இப்படி அக்கறையாகக் கேட்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் பூரித்துப்போனார்.

வியாழக்கிழமை இருவரும் க்ளினிக்குக்குப் போனார்கள். சக்கரம் வைத்த மிஷினை லேசர்காரரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார். சின்ன அறை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, நடுவில் சாய்வு நாற்காலி, மேஜைமேல் கறுப்புக் கண்ணாடிகள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். லேசர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் துறை எப்படியெல்லாம் வளரப்போகிறது என்று ஆரம்பித்தார்.

"சார், காலரைக் கொஞ்சம் கீழே மடிச்சு விடுங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கு எதுக்கும்மா? பேஷண்ட் அவங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அவங்க துணைக்கு வர்றதாத்தானே போன்ல சொன்னாங்க? விக்கறவரே வந்து உட்காரப்போறார்னு கேட்டதும் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துது. இதுவரைக்கும் யாரும் உட்கார்ந்ததில்லை."

காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்திருந்தது. லேசர்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னோடது உத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். "உங்க காது, நீங்க தெருமுனையில திரும்பும்போதே தெரியுது."

மாட்டேன் என்றால் மிஷின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். கிடங்கின் தகரக் கூரை கண்ணுக்குள் வந்து போனது. உட்கார்ந்தார்.

நர்ஸ் காது முடியை ஒட்டச் சிரைத்து, ஜில்லென்று ஏதோ தடவினாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். உலகம் இருண்டது.

"ரெடியா?" என்றார் டாக்டரம்மா.

"லேசர்னாலே..."

டக்.

ரப்பர் பேண்ட்தான். பொய்யில்லை. ஆனால் கப்பலைக் கட்டி இழுக்கிற ரப்பர் பேண்ட். அதையும் கொதிக்கிற எண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தது. முடி கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. செருப்புக்குள் கால் விரல்கள் பத்தும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் "லேசு, லேசு" என்று சொன்னோமோ, அத்தனை பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு சுண்டு சுண்டுவதாக அவருக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?"

"சுகமா இருக்கு டாக்டர்."

"கண்ணாடிக்குக் கீழே தண்ணி வருதே."

"நம்ம மிஷின் இவ்வளவு நல்லா வேலை செய்யுதேன்னு ஒரு சந்தோஷம்."

டக். டக். அதற்குமேல் பேசினால் அலறல்தான் வரும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் சிரிப்பை மட்டும் பிடித்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கேட்டார்:

"பார்ட் ஏதாவது கெட்டுப்போனா எப்போ வரும்?"

"மூணு வாரம் ஆகும் டாக்டர்" என்றது மனைவியின் குரல். "ஒரு வாரம்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க."

லேசர்காரர் தலையை உதறினார்.

"அசையாதீங்க. கண்ணு பக்கத்துல இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கத்துக் குடுக்க ஆள் அனுப்புவாங்களா?"

"ஒருத்தர்தான் இருக்கார். ஊர் பூரா அவரே சுத்தறார். வருவார், ஆனா எப்போ வருவார்னு அவருக்கே தெரியாது."

"ம்ம்..." என்று லேசர்காரர் முனகினார்.

"அசையாதீங்கன்னு சொன்னேனே. இதைவிட விலை கம்மியா நாலு மிஷின் வந்திருக்கே, நான் ஏன் இதை வாங்கணும்?"

"அவங்க போனை எடுக்க ஆள் இல்லை டாக்டர். இவர் எடுப்பார். குளிச்சிட்டிருந்தாக்கூட சோப்போட வந்து எடுப்பார். நான் கூப்பிட்டாத்தான் எடுக்க மாட்டார்."

முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் லேசர்காரர். காதும் போச்சு, வேலையும் போச்சு. கண்ணாடிக்குக் கீழே இப்போது வழிந்தது சத்தியமாக வலியால் அல்ல.

மிஷின் நின்றது. ஒரு காது முடிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது டாக்டரம்மா அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மிஷின் விக்க வந்தவங்ககிட்டேருந்து மூணு வாரம்னு ஒரு உண்மையை இன்னிக்குத்தான் கேட்கறேன்" என்றார். "நீங்களும் கத்தலை. எடுத்துக்கறேன். மீதியை உங்க வீட்டம்மாகிட்ட பேசிக்கறேன். நீங்க போய் ஐஸ் வெச்சுக்கங்க."

வெளியே பெஞ்சில் காதில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தபோது லேசர்காரருக்கு உயிர் மெல்லத் திரும்பியது. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னார். எப்படி விற்றீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, "எல்லாம் பேச்சுத் திறமைதான் சார்" என்றார். யாருடைய பேச்சு என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மனைவி வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்ததும் அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"பார்த்தியா, வலியை எப்படித் தாங்கினேன்னு."

"பார்த்தேன். எனக்கே பாவமா இருந்தது."

நிஜமாகவே அவள் கைக்குட்டையை நனைத்து அவர் காதில் ஒற்றினாள். அவருக்கு மனசு குளிர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். வலது காது மழமழவென்று தக்காளி மாதிரி சிவந்திருந்தது. இடது காது காடாகவே கிடந்தது.

"அவசரத்துல இன்னொரு காதை மறந்துட்டாங்க போலிருக்கே" என்றார்.

"மறக்கலை. நான்தான் விட்டு வைக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"கத்துக் குடுக்க ஆள் எப்போ வருமோ தெரியாது. அதுவரைக்கும் டாக்டரம்மாவே அவங்க நர்ஸுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்களாம். அவங்க கை பழகறதுக்கு ஒரு ஆளும் வேணும்னாங்க. சரின்னுட்டேன்."

"எத்தனை நர்ஸ்?"

"ஆறு பேர்."

"ஆறு பேரும் ஒரே காதுலயா?"

"அது பத்தாதுன்னுதான் உங்க முதுகையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் அவள்.