குறுக்கே கிடந்த கிளைகள்

பாதையின் குறுக்கே கிடந்த கிளையை மாப்பிள்ளை தம் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டார். காலையிலிருந்து இது மூன்றாவது.

"பாத்தீங்களா மாமா? பின்னால வர்றவங்களுக்கு உதவுமேன்னு எடுத்துப் போட ஒரு ஆள் இல்லை!"

மாமனார் பதில் சொல்லாமல் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான ஏழு வருஷத்தில் அந்த மனிதர் எதற்கும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. இவருக்கு 'சோபா மாப்பிள்ளை' என்று பேர் வைத்து, சொந்தபந்தம் முழுக்கப் பரப்பியதும் அவர்தான்.

அந்தப் பேரை இந்த மலையிலேயே தொலைத்துவிட்டு இறங்க வேண்டும் என்றுதான் மாப்பிள்ளை வந்திருந்தார். "உச்சிக்கு ஆபீஸ் ஆளுங்களோட அஞ்சு தடவை வந்திருக்கேன், கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவேன்" என்று பந்தாவாகச் சொல்லியும் விட்டார். அஞ்சு தடவை வந்தது உண்மை. அஞ்சு தடவையும் அடிவாரத்து விடுதியில் குப்புறப் படுத்துத் தூங்கியதும் உண்மை.

காலையில் அதே விடுதியின் வாசலில் மனைவி காதைக் கடித்தாள்.

"இன்னிக்காவது மானத்தைக் காப்பாத்துங்க. அப்பா தோள்ல தொங்கிட்டு வராதீங்க. அவருக்கே கால் வலி. போன வாரம் பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததுலேருந்து நொண்டுறார்."

மலைவாழ் மக்களின் ஊரைத் தாண்டும்போது, வழிகாட்ட ஒருவரைக் கூட்டிக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளைக்குச் சபலம் தட்டியது. வாயைத் திறப்பதற்குள் மாமனார் பதறினார்.

"யாரும் வேண்டாம்! நடங்க, நடங்க!"

துண்டை முக்காடு போட்டு முகத்தை மூடிக்கொண்டு, நொண்டிய காலோடு ஓட்டமாக ஊரைக் கடந்தார். "வெயில்" என்றார். வானம் மூடிக் கிடந்தது.

ஊருக்கு மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. செல்போன் வரைபடம் அவர்களை ஏதோ ஏரியின் நடுவே நிறுத்தியிருந்தது. மாப்பிள்ளை இடது பக்கம் கை காட்டினார். முதல் கிளை கிடந்தது அங்கேதான்.

"எனக்கென்னவோ வலதுன்னு தோணுது மாப்பிள்ளை."

"தோணுறதை வச்சு மலை ஏற முடியாது மாமா. அனுபவம் வேணும்."

மாமனார் என்னவோ சொல்ல வந்து, மென்று விழுங்கினார்.

இப்போது மூன்றாவது கிளையைத் தாண்டியதும் பாதை மெலிந்து புதருக்குள் காணாமல் போனது. "குறுக்கு வழி ஒண்ணு இருக்கு" என்று மாப்பிள்ளை ஓடையில் இறங்கினார். பாசியில் சறுக்கி உட்கார்ந்ததில் செல்போன் ஓடையோடு போயிற்று. தண்ணீர் போகும் வழியே போனால் அடிவாரம் வரும் என்று நடந்தார். தண்ணீர் ஒரு பாறை விளிம்பிலிருந்து அப்படியே கீழே குதித்தது. அவரால் குதிக்க முடியவில்லை. திரும்பி ஏறியபோது ஷூவின் அடிப்பாகம் பிரிந்து வாயைப் பிளந்தது. கழற்றிப் பார்த்தால் காலெல்லாம் அட்டை.

மாமனார் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உப்பு. போடுங்க, விட்டுடும்."

"மலைக்கு எதுக்கு மாமா உப்பு?"

"வீட்டுல சும்மா கிடந்துச்சு."

மாப்பிள்ளை அங்கிருந்த பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, எனக்கு வழி தெரியாது. நான் இந்த மலையில ஒரு நாளும் ஏறினதே இல்லை."

மாமனார் நிமிர்ந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது.

"புது இடம்னா நாலு பேர்கிட்ட விசாரிக்கணும் மாப்பிள்ளை! சோபாவுல சாஞ்சுக்கிட்டு அளந்து விடுற மாதிரியா இது? வீட்டுக்குப் போனதும் எல்லார்கிட்டயும் சொல்றேன், இருங்க."

ஏழு வருஷத்துப் பேர் இனி எழுபது வருஷத்துக்கு நிற்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

மாமனார் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். வாயருகே கொண்டுபோய், தயங்கி, கீழே இறக்கினார். அட்டை ஒன்று அவர் காலிலும் ஏறியது. முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு ஊதினார்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கையில் அரிவாளோடு புதரை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கிளையையெல்லாம் ஒதுக்கினது யாரு?"

"நான்தாங்க," என்றார் மாப்பிள்ளை. "பாதையை மறிச்சுட்டுக் கிடந்துச்சு..."

"மறிக்கத்தானே போட்டோம்! வெட்டின கிளை குறுக்க கிடந்தா, அந்த வழியில போகாதேன்னு அர்த்தம். எங்க ஊர்ல நடை பழகுற குழந்தைக்கும் தெரியும். வெளியாளுக்கு ஒண்ணு போதாதுன்னுதான் மூணு இடத்துல போட்டோம்."

"நல்லாக் கேட்டுக்கங்க மாப்பிள்ளை" என்றது முக்காடு.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் குனிந்து முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அட, பெரியவரே, மறுபடியும் நீங்களா! போன வாரம் உங்களை இதே பாறையிலேருந்து தோள்ல தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம்தானே அந்தக் கிளைங்களையே வெட்டிப் போட்டோம்!"