துரைக்குப் போட்ட வேட்டு

துரை பறவை பார்க்க வந்தார். மணப்பட்டில் ஒரு பறவையும் இல்லை. அத்தனையையும் விரட்டியவன் நான்.

சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

புதுச்சேரியில் பாலம், மதகு கட்டுகிற இலாகாவுக்குப் பெரியவர் அந்த வெள்ளைக்காரத் துரை. பாகூர்ப் பக்கம் அந்த வருஷம் ஒரே ஒரு சின்னப் பாலம் கட்ட உத்தரவு. என் கரும்புக் கொல்லைக்கு முன்னால் வாய்க்கால். அங்கே வேண்டும் என்றேன் நான். என் பெண்டாட்டி தனக்கொடிக்கு ஏரிக்கரையில் சீதனக் கழனி. அங்கேயும் வாய்க்கால். அங்கேதான் வேண்டும் என்றாள் அவள். ஆறு மாதமாக என் சோற்றில் உப்பு இல்லை.

துரைக்குப் பறவைப் பைத்தியம். மணப்பட்டுக் கழிமுகத்தில் நாரை பார்க்க மோட்டாரில் வருகிறாராம். வழிகாட்ட ஆள் வேண்டுமாம். மீசையை முறுக்கிக்கொண்டு போய் நின்றேன். நாரைக்கும் கொக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அது துரைக்குத் தெரியாது.

"நானும் மோட்டார்ல வரேன்," என்றாள் தனக்கொடி.

"பொம்பளைக்கு இன்னாடி பறவை? வூட்ல கோழி இருக்குது, பாரு."

"இருவது வருசமா ஒரு சேவல பாத்துக்கினுதான் இருக்கேன். சரி, துரைக்கு இன்னா மரியாதை பண்ணப் போறீங்க?"

"மரியாதையா?"

"போன வருசம் நகரசபைத் தலைவரு மேரு வந்ததுக்கே அதிர்வேட்டு போட்டீங்க. வெள்ளைக்காரர் வரசொல்ல சும்மா நின்னா ஊரு சிரிக்காது?"

"எனக்குத் தெரியாதா? அதத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன்."

யோசிக்கவே இல்லை.

"ரெண்டு போட்டா போதுங்க."

"ரெண்டா? பீரங்கி மாதிரி போடுறேன், பாரு."

"ஒங்க இஷ்டம்."

அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மணப்பட்டு. கழிமுகம் பூராவும் வெள்ளை வெளேரென்று பறவை. துரை மோட்டாரை விட்டு இறங்கித் தூரக் கண்ணாடியை எடுத்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். நான் கையைத் தூக்கினேன். சவுக்குத் தோப்பில் காத்திருந்த வேட்டுக்காரன் திரியில் நெருப்பு வைத்தான்.

வானம் வெள்ளையாயிற்று. பிறகு காலியாயிற்று. துரையின் தொப்பியில் மட்டும் ஒரு பறவை தன் மரியாதையைச் செய்துவிட்டுப் போயிருந்தது.

துரை பிரெஞ்சில் பேசினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எல்லாம் புரிந்தது.

"பறவை எங்கே?" என்றார் பிறகு தமிழில்.

"மரியாதைங்க, துரை."

"மரியாதை பார்க்கவா வந்தேன்?"

என் பாலம் போயிற்று என்று தெரிந்தது. மோட்டாரில் ஏறினேன். ஏரிக்கரை வந்ததும் "நிறுத்து!" என்று கத்தினார் துரை.

தனக்கொடியின் கழனி. நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் கட்டி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான் எங்கள் பண்ணையாள் பக்கிரி. ஏருக்குப் பின்னால் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன். பூச்சி பொறுக்க ஒரே நெரிசல். நான் விரட்டியவையோ வேறேயோ, யார் கண்டது? சேற்றில் ஏர் ஓடினால் பறவை இறங்கும். எந்தக் குடியானவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஞாபகம் வரவில்லை.

வரப்பில் கூறைப்புடவையோடு தனக்கொடி.

"வாங்க, துரை. இங்க வேட்டு கிடையாது."

துரை ஓடினார். வாய்க்காலில் இடுப்பு வரை இறங்கினார். முந்தின நாள்கூட அதன் குறுக்கே, நடந்து கடக்க, ஒரு பனைமரம் கிடந்தது.

"மரம் எங்கடி?" என்றேன்.

"கரையான் அரிச்சிட்டுது. எடுத்துப் போட்டாச்சி."

"எப்போ?"

"நீங்க மோட்டார் ஏறசொல்ல."

உச்சிவேளை வரை துரை பறவை பார்த்தார். ஒரு பூட்ஸ் வாய்க்காலோடு போனது. அவர் கவனிக்கவில்லை. திரும்பும்போது மறுபடி இறங்க மாட்டேன் என்றார். தோளில் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

"இங்கே பாலம் இல்லையா?" தலைக்கு மேலிருந்து கேள்வி.

நான் வாய் திறப்பதற்குள் கரையிலிருந்து பதில் வந்தது.

"இல்லீங்க, துரை. அறுப்பு பொம்பளைங்க கதிர்க்கட்ட தலையில வச்சிக்கினு இதுலதான் எறங்குறாங்க. எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

சேற்றோடு நான் மோட்டாரில் உட்காரக் கூடாதாம். நடந்தேன். என் இடத்தில் அவள் ஏறிப் போனாள்.

சித்திரையில் பாலம் வந்தது. என் கரும்பு வண்டியும் சுற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறது. துரை கட்டிய பாலம் என்கிறது ஊர். விவரம் கெட்ட ஊர். கட்டியவள் தனக்கொடி.