சீட்டு இல்லாத நாலு மூட்டை

"கரும்பு போடற குடும்பத்துல பொறந்துட்டு சாமை விக்கப் போறியா?"

"ஆமா. நானா கூப்புடற வரைக்கும் கடைப் பக்கம் வந்துடாதீங்க."

"கூப்புடாத எடத்துக்கு நான் ஏன்டா வரேன்?"

ஆறு வருடங்களுக்கு முன் சிவசங்கரும் அவன் அப்பா நாராயணசாமியும் பேசிக்கொண்டது இது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் சின்னசேலம் பக்கத்திலிருக்கும் ஊருக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறான். மழை, மாடு, கரும்பு ஆலை எல்லாம் பேசுவார்கள். கடை மட்டும் பேச்சில் வராது. 'ஒரு தடவை வந்து பாருங்கப்பா' என்பது அவன் தொண்டை வரை வந்து, சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

இன்று வெள்ளிக்கிழமை. கள்ளக்குறிச்சியில் அவனுடைய சிறுதானியக் கடை பெரிய இடத்துக்கு மாறுகிறது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முதல் வியாபாரம் நடந்தாக வேண்டும். மணி ஒன்பது. வெள்ளிமலையிலிருந்து இறங்கிய நாலு மூட்டைகளிலும் தானியத்தின் பெயர் எழுதிய சீட்டைக் காணோம். இரண்டு சாமை அரிசி, இரண்டு குதிரைவாலி அரிசி. எது எது?

"ராசு! சீட்டெல்லாம் எங்கடா?"

"நேத்து சாயங்காலம் இருந்துச்சிண்ணே," என்றான் கடையில் வேலை செய்யும் ராசு.

சிவசங்கர் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். நாலும் வெள்ளையாக, பொடியாக, கூடப்பிறந்தவர்களைப் போல் இருந்தன. இவ்வளவு காலமும் தான் தானியத்தைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, ரொம்ப டென்ஷனா இருக்கீங்க. எதிர் கடையில டீ வாங்கியாரட்டா?" என்றாள் மகள் தேவிப்ரியா. மூன்றாம் வகுப்பு.

"எனக்கு பிஸ்கட்டு! எனக்கு பிஸ்கட்டு!" என்று தம்பி பிரவீன்குமார் தரையில் உருண்டான். முதுகில் ஒன்று வாங்கினான்.

தேவிப்ரியாவின் கையில் இருபது ரூபாய் வந்தது. தம்பி தனக்கு என்ன வேண்டும் என்று கத்துவான். அவள் எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பாள். பிஸ்கட் எப்போதும் அவளுக்குத்தான் கிடைக்கும். அதில் பாதி தம்பிக்கும் போகும்.

ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு, சாமை என்று தோன்றிய இரண்டு மூட்டைகளுக்குச் சிவசங்கர் அடையாளத்துக்குக் குங்குமம் வைத்தான். முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் நாலு மூட்டைக்கும் குங்குமம் இருந்தது.

"பூஜைன்னு நெனச்சேண்ணே. ரெண்ட மட்டும் வுட்டுட்டீங்களேன்னு நானே வச்சிட்டேன்," என்றான் ராசு பெருமையாக.

மனைவி ஜெயசுதா பின்னால் அடுப்பு மூட்டி, இரண்டு சட்டியில் வேகவைத்தாள். தின்று பார்த்தாள்.

"இன்னா தெரியுது?"

"ரெண்டும் கஞ்சி. அதான் தெரியுது."

நாலு தட்டில் நாலு மாதிரி எடுத்துப் படம் பிடித்து, வெள்ளிமலை வியாபாரிக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது: 'படம் சூப்பர். கடைக்கு வாழ்த்துகள்.' அதற்குள் பிரவீன்குமார் நாலு தட்டையும் ஒரே தட்டில் கொட்டி, நடுவில் பொம்மை லாரியை நிறுத்தியிருந்தான்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற சின்னப்பொண்ணு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, இன்னும் தொறக்கல? மொத படி சாமை எனக்குத்தான். ஆறு வருஷமா ஒங்கிட்டதான் வாங்கறேன், ஒருநாளும் மாத்திக் குடுத்ததில்ல நீ. அதனாலதான் கருணாபுரத்துல இருந்து இவ்ளோ தூரம் நடந்து வரேன்."

சிவசங்கருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பெயர் ஒன்றுதான் அவன் சம்பாதித்தது. முதல் நாளே அது போகப் போகிறது.

"அடுப்பாண்ட நிக்கற அம்மாவுக்கும் ஒரு டீ வாங்கியாரேன்," என்று தேவிப்ரியா மறுபடி எதிர்க்கடைக்கு ஓடினாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

மணி பத்தே கால்.

"மாமாவுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கரும்புக்கு மின்னாடி சாமைதான வெதச்சாங்க? ஒரு போன் பண்ணுங்களேன்," என்றாள் ஜெயசுதா.

"செத்தாலும் மாட்டேன்."

டீயோடு வந்த தேவிப்ரியா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வேணாம்மா. பாவம் தாத்தா. வயசாயிடுச்சில்ல, எல்லாம் மறந்து போயிருக்கும். இத்தினி பேரு எதிர்ல கண்டுபுடிக்க முடியலன்னா அவுருக்கு அசிங்கமாயிடும்."

சிவசங்கர் சட்டென்று நிமிர்ந்தான்.

"யாருக்கு மறந்து போயிருக்கும்? எங்கப்பாவுக்கா? நாலு மணி வாயில போட்டா எந்தக் காட்டுல வெளஞ்சதுன்னே சொல்லுவாரு! இந்தக் கள்ளக்குறிச்சியில அவுரு மாதிரி இன்னொரு ஆளக் காட்டு பார்ப்போம்!"

"நெஜமாவாப்பா?" என்றாள் அவள், கண்களை அகல விரித்து.

"நெஜமாவாவா? இரு!"

சொன்ன வேகத்தில் போனை எடுத்துவிட்டான். ஒரே மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள். வாசலில் சின்னப்பொண்ணு, உள்ளே மனைவி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி விழுங்குவதற்குச் சோறும் இல்லை.

"அப்பா... ஒரு தடவ என் கடைக்கு வாங்கப்பா."

எதிர்க்கடை பெஞ்சிலிருந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் காதில் வைத்த போனோடு எழுந்து, சாலையைக் கடந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து நாலு சீட்டுகளை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"ஒம்போதுக்கெல்லாம் நீயே கூப்புடுவேன்னுதான பாப்பா சொல்லிச்சு? நாலு டீ குடிச்சிட்டேன்டா!"