அப்பல்லாம் மாமா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நேற்றைத் தவிர வேறெங்கும் குடியிருக்காது. உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள்.

நம்மவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எதையும் "அப்பல்லாம்..." என்றே ஆரம்பிப்பதால் சுற்றத்தாருக்கு அவர் அப்பல்லாம் மாமா. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், மருமகளுக்குப் பதவி உயர்வு வந்தாலும், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டாலும், அவர் பேச்சு சுற்றிச் சுற்றி முன்வாசல் வராந்தாவில்தான் வந்து உட்காரும்: குடும்பமே அங்கே கூடி, பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்து, சிரித்துக் கிடந்த மாலைகள்! கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். கொட்டாவியை அடக்கினால் வேறென்ன ஆகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா செயலில் இறங்கிவிட்டார். எல்லோரையும் வரவழைத்து, செல்போன்களைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி, வராந்தாவில் விரிப்புப் போட்டு, ஆளுக்கொரு ஊசி கொடுத்து, தான் மட்டும் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். மேற்பார்வைக்கு ஆள் வேண்டாமா?

"அப்பல்லாம் நீயும் அம்மாவும் தைக்கத் தைக்க என்னமா சிரிப்பீங்க!" என்றார் தங்கையிடம்.

தங்கை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "சிரிச்சது நீங்கண்ணா. ஒம்பது பேருக்கு நாலே போர்வை. குளிருக்குள்ள முடிக்கணுமேன்னு நாங்க தைச்சோம். ஊசி குத்தி விரல் சீழ் வச்சு, அந்த வருஷம் நான் பரீட்சையே எழுதல. தெரியுமா?"

மாமாவுக்குத் தெரியாது. போர்வையின் கதகதப்புதான் தெரியும். முகம் சுருங்கிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக, 'அப்பல்லாம்' இல்லாமல் பேச்சை ஆரம்பித்தார்.

"ஊசியக் குடு" என்று விரிப்பில் இறங்கி உட்கார்ந்தார்.

நூல் கோக்கவே கால்மணி நேரம். பிறகு முக்கி, முனகி, விரலைச் சப்பி, ஒரே ஒரு துண்டைத் தைத்து முடித்துவிட்டுப் பெருமையோடு எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. கால்சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார்!

தங்கைக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "இப்பத்தாண்ணா சிரிக்கிறேன். நல்லாப் பார்த்துக்குங்க."

மாமா திருந்தினாரா? அடுத்த வாரமே தங்கைக்குப் போன் போட்டார். "போன ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சு! அந்த மாதிரி நாள் இனிமே வருமா?"

"ஏன் வராது? நான் எடுத்துட்டு வந்த போர்வையில முக்காவாசி பாக்கி கிடக்கு. கெளம்பி வாங்க."

போனார். தைக்கவும் தைத்தார், கோணல்தான்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டே, 'இப்ப யாரு இப்படி எழுதறாங்க? அந்தக் காலத்துல...' என்று ஒரு பெருமூச்சு விட்டீர்களே, அது இங்கே வரைக்கும் கேட்டது.