சர்க்கரைக்குச் சர்க்கார் உத்தரவு

வீட்டில் நடக்கும் மனைவி செல்வநாயகியின் ஆட்சியை அரசாங்கத்தை வைத்தே கவிழ்ப்பது என்று பழமலைநாதன் முடிவெடுத்தார்.

பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். அந்த வெக்கையிலிருந்து வெளியே வந்தால் ஒரு டீ, அதில் நாலு ஸ்பூன் சர்க்கரை. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒதுங்கி, சுடச்சுட ஜாங்கிரி தின்றுவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கலைவார்கள். அதெல்லாம் ஒரு காலம். இப்போது அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேர் இன்னும் டெஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை.

பழமலைநாதன் பண்ணிக்கொண்டார். அன்றோடு செல்வநாயகி சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இந்த நேரத்தில்தான், விருப்பப்பட்டவர்கள் அடையாள அட்டையில் உடம்பு விவரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. இ-சேவை மையத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் தென்றல் என்கிற பெண்.

"ரத்த வகை என்னாங்க ஐயா?"

"பி பாசிட்டிவ். அது கெடக்கட்டும்மா. சர்க்கரை நோயின்னு போட்டு, மயக்கம் வந்தா ஒடனே இனிப்பு குடுக்கணும்னு போடு."

"போட்டுட்டேங்க."

"'நெறைய'ன்னு சேக்க முடியுமா?"

"எடம் பத்தாதுங்க."

அட்டை வந்தது. சமயத்துக்குக் காத்திருந்தார். பக்கத்து வீட்டு பிரபாவின் நாத்தனாருக்கு வளைகாப்பு. மறுநாள் பிரபா பலகார டப்பாவோடு வாசல் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும், பழமலைநாதன் நாற்காலியில் சரிந்தார்.

"ஏங்க, என்னா பண்ணுது?" என்று செல்வநாயகி ஓடி வந்தாள்.

"பையில... கார்டு..." என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரபாதான் எடுத்துப் படித்தாள். "மயக்கம் வந்தா ஒடனே இனிப்பு குடுக்கணுமாம்க்கா. கவர்மெண்டே போட்டிருக்குது. நல்லவேளை, பாதுஷா கொண்டாந்தேன்."

டப்பா திறந்தது. நெய் வாசனை மூக்கில் ஏற, அவர் வாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது.

செல்வநாயகி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். "சர்க்கரை கொறைஞ்சா வேர்த்துக் கொட்டும்னாங்க டாக்டரு. இவுரு கை காஞ்சி கெடக்குது." மூடிய இமை துடிப்பதையும் பார்த்தாள். குரல் மாறியது. "மயங்கிக் கெடக்கறவங்க வாயில எதையும் போடக் கூடாதும்பாங்க பிரபா. பொரை ஏறிடும். தெளியட்டும், பாத்துக்கலாம்."

"தெளிஞ்சிட்டா எதுக்குக்கா இனிப்பு?"

"அதுவும் சரிதான்."

பழமலைநாதன் உள்ளுக்குள் தவித்தார். கண்ணை மூடியிருந்தால் கிடைக்காது. திறந்தாலும் கிடைக்காது.

செல்வநாயகி தரையில் உட்கார்ந்து ஒரு பாதுஷாவை எடுத்துப் பிட்டாள்.

"கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து நான் வந்த புதுசு. சம்பளத்தன்னைக்கு இவுரு கையில ஒரு பொட்டலம் இருக்கும். ஒத்த பாதுஷா. ரெண்டாப் புட்டு, பெரிய துண்டை எங்கிட்ட குடுப்பாரு. நீங்க தின்னுங்கன்னா, எனக்கு இனிப்பு அவ்வளவா புடிக்காதும்பாரு. நானும் ரொம்ப நாளு நெசம்னே நம்பிட்டேன்."

மூடிய கண்ணுக்குள் அந்தப் பொட்டலம் தெரிந்தது. எண்ணெய் ஊறிய காகிதம். தலையில் கனகாம்பரத்தோடு படியில் உட்கார்ந்திருக்கும் அவள். உதட்டோரம் ஒட்டிய பாகு. பழமலைநாதனின் கண்ணோரம் கசிந்தது. அது நடிப்பில்லை. பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்தார்.

கடைசித் துண்டை அப்போதுதான் வாயில் போட்டுக்கொண்ட செல்வநாயகி, முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பாத்தியா பிரபா, இனிப்பு குடுக்காமலே தெளிஞ்சிட்டாரு."